பிரஷ்லெஸ் போட்ட டிரக் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ரேடியோ கண்ட்ரோல் டிரக்கில் பழைய பிரஷ்டு (கார்பன் பிரஷ் உள்ள) மோட்டாரைக் கழற்றிவிட்டு பிரஷ்லெஸ் (பிரஷ் இல்லாத) மோட்டார் மாட்டியவர்கள் கொஞ்ச நாளிலேயே ஒரு புகாரோடு வருவார்கள். சூடாகிறது, திக்குகிறது, பாதியில் நிற்கிறது, எதிர்பார்த்த வேகம் இல்லை. அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: "வேற எந்த மோட்டார் வாங்கலாம்?"

கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் மோட்டார்மேல் குற்றமே இருக்காது. பினியனில் (மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) இரண்டு பல் கூடுதலாக இருக்கும், பேட்டரி கனெக்டர் பழசாக இருக்கும், இல்லையென்றால் இஎஸ்சியில் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) ஒரு செட்டிங் தவறியிருக்கும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலைக்குச் சில ஆயிரம் ரூபாயை இறைக்க வேண்டாம். மோட்டார் தேர்வே தப்பாகிப்போவதும் உண்டுதான். அதையும் அறிகுறியே காட்டிக்கொடுத்துவிடும்.

பேச்சுக்கு ஒரு வண்டி வேண்டும் என்பதால் டிராக்ஸஸ் ஸ்லாஷ் டிரக்கை எடுத்துக்கொள்கிறேன், பின்சக்கரம் மட்டும் இழுக்கிற மாடல். 2008-ல் வந்த 1/10 அளவு வண்டி, இன்றும் பலர் முதலில் வாங்குவது இதைத்தான். பிரஷ்டு வகையில் 550 அளவு டைட்டன் மோட்டார் வரும். கியர்பாக்ஸின் உள்விகிதம் 2.72, டயர் விட்டம் ஏறக்குறைய 110 மிமீ. பினியனோடு இணையும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் 86 பல், பினியன் 19 பல் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டி வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு இன்ஃப்ராரெட் டெம்பரேச்சர் கன், செல் வாரியாக வோல்ட் காட்டும் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) செக்கர், மல்டிமீட்டர், சின்னதும் பெரிதுமாக இரண்டு மூன்று பினியன், ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப். டேப் எதற்கு என்பது பின்னால் வரும்.

எதையும் கழற்றுவதற்கு முன் மூன்று எண்கள்

முதலாவது கேவி. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் அது. மோட்டாரின் பலத்துக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதால் பெரிய எண் என்றால் பெரிய மோட்டார் என்று நினைத்துவிடுகிறோம்.

கம்பெனிகள் தங்கள் வண்டியில் எதைப் போடுகிறார்கள் என்று பாருங்கள். ஸ்லாஷ் 4×4-ல் 3500 கேவி, 3எஸ் பேட்டரி (மூன்று செல், செல்லுக்கு 3.7 வோல்ட்) வரை: 11.1 வோல்ட்டால் பெருக்கினால் 38,850 சுற்று. மேக்ஸ் டிரக்கில் 2400 கேவி, 4எஸ்: 35,520. ஈ-ரெவோவில் 2200 கேவி, 6எஸ்: 48,840. எட்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள எக்ஸ்-மேக்ஸில் 1200 கேவி, 8எஸ்: மறுபடியும் 35,520. வண்டி பெரிதாகப் பெரிதாக வோல்ட் ஏறுகிறது, கேவி இறங்குகிறது, பெருக்குத்தொகை மட்டும் 35,000-க்கும் 50,000-க்கும் நடுவிலேயே இருக்கிறது. உங்கள் மோட்டாரையும் பேட்டரியையும் பெருக்கிப் பாருங்கள். 4600 கேவி மோட்டாருக்கு 3எஸ் கொடுத்தால் 51,060 வரும். பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கும், அப்போது கிட்டத்தட்ட 58,000. அந்த மோட்டார் 2எஸ்ஸோடு நிறுத்திக்கொள்ள வேண்டியது.

இரண்டாவது, மொத்த கியர் விகிதம். ஸ்பர் பல்லை பினியன் பல்லால் வகுத்து, உள்விகிதத்தால் பெருக்க வேண்டும். 86 ÷ 19 × 2.72 = 12.3. அதாவது மோட்டார் 12.3 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 3300 கேவி மோட்டார், 2எஸ் பேட்டரி என்றால் 24,420 சுற்று, அதை 12.3-ஆல் வகுத்து, டயரின் சுற்றளவான 0.345 மீட்டரால் பெருக்கினால் மணிக்கு ஏறத்தாழ 41 கிமீ. 3எஸ் போட்டால் 62. இது காகிதக் கணக்கு. தரையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

மூன்றாவது, மோட்டாரின் உடல் அளவு. 3650 என்றால் விட்டம் 36 மிமீ, நீளம் 50 மிமீ. 3660 என்றால் நீளம் 60. நீளம் கூடினால் உள்ளே செம்பும் காந்தமும் கூடும், சூட்டை வாங்கிக்கொள்ளும் சக்தியும் கூடும். பலம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் வாங்கும்போது பலரும் கடைசியாகப் பார்க்கும் எண்ணும் இதுதான்.

மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அறிகுறிக்கு வாருங்கள்.

மோட்டாரில் கை வைக்க முடியவில்லை

அதிகம் கேட்கும் புகார் இது, அதிக மோட்டார்களைக் கொல்வதும் இதுதான்.

முதலில் சரியாக அளக்க வேண்டும். பளபளப்பான உலோகத்தின் மேல் இன்ஃப்ராரெட் கன் பிடித்தால் குறைத்துக் காட்டும். 90 டிகிரி இருக்கும் மோட்டாரை 55 என்று சொல்லி உங்களை ஏமாற்றிவிடும். மோட்டார் உடலின் மேல் அந்தக் கறுப்பு டேப்பை ஒட்டி, டேப்பின் மேல் பிடியுங்கள். ஐந்து நிமிடம் வழக்கம்போல ஓட்டுங்கள், நிறுத்தியதும் அளங்கள், இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். உள்ளே இருக்கும் சூடு வெளியே வர நேரம் எடுக்கும் என்பதால் இரண்டாவது எண் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

70 டிகிரிக்குள் என்றால் நிம்மதி. 80-ஐத் தொட்டால் அன்றைக்கு ஓட்டம் போதும். அதற்கு மேல் போனால் ரோட்டரில் (உள்ளே சுற்றும் பகுதி) இருக்கும் நியோடிமியம் காந்தத்துக்கு ஆபத்து. சாதாரணத் தர நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினாலே பலத்தை இழக்கத் தொடங்கும். நல்ல மோட்டார்களில் அதிக வெப்பம் தாங்கும் தரம் போடுவார்கள், ஆனால் மலிவான மோட்டாரின் உள்ளே என்ன தரம் இருக்கிறது என்று பெட்டி சொல்லாது.

அடுத்து எது எது சூடாகிறது என்று பாருங்கள். மோட்டார் மட்டும் சூடு, இஎஸ்சி வெதுவெதுப்பு என்றால் கியர் உயரம் அல்லது எங்கோ இறுக்கம். மோட்டார், இஎஸ்சி இரண்டுமே கொதிக்கிறது என்றால் சுமை இந்த செட்டுக்கே அதிகம். பேட்டரியும் சேர்ந்து சூடாகிறது என்றால் பேட்டரியைத் தனியாகச் சந்தேகிக்க வேண்டும்.

இறுக்கத்தைச் சோதிப்பது எளிது. மோட்டார் ஸ்குருவைத் தளர்த்தி பினியனை ஸ்பரிலிருந்து விலக்குங்கள். வண்டியைத் தரையில் வைத்து லேசாகத் தள்ளினால் உருண்டு போக வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுண்டிவிட்டால் தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும். கரகரவென்று நின்றால் மண் புகுந்த பேரிங்கோ, வளைந்த ஆக்ஸிலோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த மோட்டார் போட்டாலும் சூடுதான்.

வண்டி நன்றாக உருள்கிறது என்றால் பினியனுக்கு வாருங்கள். பெரிய கியரில் மேடு மிதிக்கும் சைக்கிள்காரர்போல மோட்டார் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. 19 பல்லுக்குப் பதில் 17 போடுங்கள். விகிதம் 13.8 ஆகும், டாப் ஸ்பீடு பத்து சதவீதம் குறையும். ஆனால் செம்பில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், சூடு இருபது சதவீத அளவுக்கு இறங்கும். வேகத்தில் விட்டுக்கொடுப்பது கொஞ்சம், கிடைப்பது நிறைய.

டயரை மாற்றியிருக்கிறீர்களா? இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். 110 மிமீ டயரைக் கழற்றிவிட்டு 140 மிமீ மான்ஸ்டர் டிரக் டயர் போட்டால், பினியனை 19-லிருந்து 24-க்கு ஏற்றியதற்குச் சமம். பழைய நிலைக்கு வர 15 பல் பினியன் வேண்டும். டயரின் கூடுதல் எடை தனிக் கணக்கு.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். பினியன் அட்டவணையைப் போட்டவர் ஊரில் 25 டிகிரி இருந்திருக்கலாம். மே மாதம் சென்னையில் மைதானத்தில் 38 டிகிரியில் ஓட்டும்போது, 80-ஐ எட்ட அவருக்கு 55 டிகிரி இடம் இருந்தது, உங்களுக்கு 42-தான். கணக்குப் போட்டால் தொடர்ந்து தாங்கக்கூடிய சுமை எட்டில் ஒரு பங்கு குறைகிறது. அதனால் கோடையில் இரண்டு பல் குறைத்து ஓட்டுவது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. புல்தரையில் ஓட்டுபவர்கள் மேலும் ஒரு பல் குறைக்கலாம். பச்சைப் புல் இழுக்கும் இழுவை நாம் நினைப்பதைவிட மோசம்.

டைமிங் (காயிலுக்கு மின்சாரம் எவ்வளவு முன்கூட்டிப் போக வேண்டும் என்ற) செட்டிங் இருந்தால் அதையும் இறக்குங்கள். டைமிங் ஏற்றுவது கடைசிக் கொஞ்சம் வேகத்தைக் கொடுக்கும், பதிலுக்குச் சூட்டையும் சேர்த்தே கொடுக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் சூடு இறங்கவில்லையென்றால்தான் மோட்டார் தேர்வு தவறு. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "கேவி குறைந்தால் டார்க் (திருப்புவிசை) கூடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஒரே உடல் அளவில் 3500 கேவியும் 2400 கேவியும் இருந்தால், சுற்றியிருக்கும் செம்பின் மொத்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். குறைந்த கேவியில் சுற்றுகள் அதிகம், கம்பி மெல்லியது. அதே டார்க்குக்கு 2400 கேவி குறைந்த ஆம்பியர் இழுக்கும், ஆனால் அதன் கம்பியின் தடையும் கூடுதல். ஆக, ஒரே டார்க்கைக் கொடுக்கும்போது இரண்டு மோட்டாரும் ஏறத்தாழ ஒரே சூட்டைத்தான் உண்டாக்கும். குறைந்த கேவியால் பிழைப்பது இஎஸ்சியும் வயரும் பேட்டரியும். மோட்டாரின் சூட்டைக் குறைக்க வேண்டுமானால் விகிதத்தை மாற்ற வேண்டும், அல்லது உடலைப் பெரிதாக்க வேண்டும். 3650 போட்டுக் கொதித்தால் அதே கேவியில் 3660-க்குப் போங்கள். இதைச் செய்யாமல் வேறொரு கேவியில் இன்னொரு 3650 வாங்குபவர்கள் அடுத்த மாதமும் அதே புகாரோடு வருவார்கள்.

ஒரு தடவை நன்றாகச் சூடேறிய பிறகு ஓட்டம் மாறிவிட்டது

சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது, தரையில் வைத்தால் பலம் இல்லை, சீக்கிரம் சூடாகிறது. இது காந்தம் பலம் இழந்ததன் அடையாளம். காந்தம் பலவீனமானால் கேவி ஏறும், அதனால்தான் காற்றில் அந்த வேகம். பிரேக்கும் மந்தமாகத் தெரியும். ரோட்டர் தனியாகக் கிடைக்கும் மாடல் என்றால் மாற்றலாம். கிடைக்காவிட்டால் அந்த மோட்டாருக்கு ஆயுள் முடிந்தது.

எரிந்த வார்னிஷ் வாடை வந்தால் பிரச்சினை காந்தத்தில் இல்லை, காயிலில் இருக்கிறது. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரு முனையை மோட்டார் வயரிலும் மறுமுனையை மோட்டார் உடலிலும் வையுங்கள். உடலின் பெயிண்டைச் சுரண்டிவிட்டு வைக்க வேண்டும். பீப் அடித்தால் இன்சுலேஷன் போய்விட்டது. அதை மறுபடி இஎஸ்சியில் மாட்டாதீர்கள், இஎஸ்சியும் சேர்ந்து போகும்.

கிளம்பும்போது திக்கித் திணறுகிறது

மெதுவாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வண்டி டக் டக்கென்று உதறுகிறது, ஒரு தள்ளு கொடுத்தால் ஓடிவிடுகிறது. காக்கிங் என்று சொல்வது இதைத்தான்.

சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில், ரோட்டர் எங்கே நிற்கிறது என்பதை இஎஸ்சி தெரிந்துகொள்வது மோட்டார் சுற்றும்போது திரும்பி வரும் மின்னழுத்தத்தை வைத்துத்தான். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரிலிருந்து எதுவும் வராது. எனவே இஎஸ்சி குத்துமதிப்பாக ஒரு உதை கொடுத்துப் பார்க்கும். சரியான பக்கம் போனால் கிளம்பும், இல்லாவிட்டால் திக்கும். லேசான திக்கல் சென்சார் இல்லாத செட்டின் பிறவிக் குணம். அதைக் குறை என்று சொல்ல முடியாது.

அளவுக்கு மீறித் திக்கினால் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. பேட்டரியைக் கழற்றுங்கள், மோட்டாரின் மூன்று வயரையும் இஎஸ்சியிலிருந்து பிரித்தெடுங்கள், பினியனை விலக்குங்கள். தண்டை விரலால் திருப்பிப் பாருங்கள். படிப்படியாக, சீரான தடங்கலோடு திரும்பும். இப்போது மூன்றில் ஏதாவது இரண்டு வயரின் முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்துத் திருப்புங்கள். தேனுக்குள் திருப்புவதுபோல கனமாக இருக்க வேண்டும். அடுத்த ஜோடி, அதற்கடுத்த ஜோடி என்று மூன்றையும் பாருங்கள். மூன்றும் ஒரே கனம் என்றால் மோட்டார் நலம். ஒரு வயர் சம்பந்தப்பட்ட இரண்டு ஜோடியிலும் கனமே இல்லையென்றால் அந்த வயரின் பற்றவைப்பு விட்டிருக்கிறது, அல்லது உள்ளே காயில் அறுந்திருக்கிறது. இதற்கு மீட்டர்கூட வேண்டாம். காயிலின் தடை அத்தனை குறைவு, சாதாரண மல்டிமீட்டருக்கு அது பிடிபடவும் செய்யாது.

மோட்டார் நலம் என்றால் மோட்டார் வயரையும் இஎஸ்சியையும் இணைக்கும் புல்லட் கனெக்டர்களைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலாக, குண்டுகுண்டாக நிற்கும் ஈயம் பற்றவில்லை என்று அர்த்தம். மறுபடி சூடாக்கி ஒட்டுங்கள். புல்லட் தொளதொளவென்று போய் வந்தால் மாற்றுங்கள்.

பிறகு பேட்டரி. கிளம்பும் கணத்தில்தான் மோட்டார் மிக அதிக ஆம்பியர் கேட்கும். களைத்த பேட்டரியின் வோல்ட் அந்தக் கணத்தில் சரியும், இஎஸ்சி தடுமாறும். நல்ல பேட்டரி ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் குறுக்குவழி. பழைய வெள்ளை நிற டாமியா பிளக் இன்னும் வண்டியில் இருந்தால், சோதனையே வேண்டாம், முதலில் அதை வெட்டி எறியுங்கள். அது பிரஷ்டு காலத்துப் பிளக். எக்ஸ்டி60 அல்லது டி-பிளக் போடுங்கள்.

இஎஸ்சியில் ஸ்டார்ட் பவர், பஞ்ச் (பவர் எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்பது) என்று இருப்பவற்றை ஒரு படி மாற்றிப் பாருங்கள். கியர் உயரமாக இருந்தாலும் திக்கும், அதற்கு மருந்து மேலே சொன்ன அதே சின்ன பினியன்.

சென்சார் உள்ள மோட்டார் திக்கினால் விஷயம் வேறு. ஆறு கம்பிகள் கொண்ட அந்த மெல்லிய சென்சார் கேபிளைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அதன் முனை கொஞ்சம் வெளியே வந்திருந்தாலோ, உள்ளே ஒரு கம்பி விட்டிருந்தாலோ பல இஎஸ்சிகள் சத்தமில்லாமல் சென்சார் இல்லாத முறைக்கு மாறிவிடும். ஓட்டுபவருக்கு திடீரென்று திக்குவது மட்டும்தான் தெரியும். கேபிள் விலை சொற்பம், கைவசம் ஒன்று வைத்திருங்கள்.

பாறை ஏறுவது, ஊர்ந்து போவதுதான் உங்கள் ஓட்டம் என்றால் சென்சார் இல்லாத மோட்டாரை என்ன செய்தாலும் திருப்தி வராது. அங்கே மோட்டாரைத்தான் மாற்ற வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது

மூன்று காரணங்கள், மூன்றும் வேறு வேறு மாதிரி நிற்கும்.

ஸ்டீயரிங் வேலை செய்கிறது, மோட்டார் மட்டும் இல்லை, பத்து நிமிடம் ஆறவைத்தால் மறுபடி ஓடுகிறது: இஎஸ்சி சூட்டினால் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். முடியும் மண்ணும் சிக்கி நின்றுபோன ஃபேன்தான் பாதி நேரம் காரணம். எப்போதும் பாதி ஆக்ஸிலேட்டரிலேயே ஓட்டுவதும் இஎஸ்சியைச் சுடவைக்கும். உயரமான கியர் போட்டுவிட்டு, இடம் போதாமல் அடக்கி அடக்கி ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

ஸ்டீயரிங் இருக்கிறது, மோட்டார் விட்டு விட்டு இழுக்கிறது, மெதுவாக ஓட்டினால் தாங்குகிறது: லோ வோல்டேஜ் கட் ஆஃப், அதாவது பேட்டரி வோல்ட் இறங்கியதும் இஎஸ்சி மோட்டாரை வெட்டுவது. செக்கரில் செல்களைப் பாருங்கள். ஒரு செல் 3.7, இன்னொன்று 3.3 என்று இருந்தால் அந்தப் பேட்டரியின் காலம் முடியப்போகிறது. எல்லாச் செல்லும் சமமாக 3.7-க்கு மேல் இருந்தும் கட் ஆகிறது என்றால், சுமை வரும்போது மட்டும் வோல்ட் சரிகிறது. பேட்டரியின் மேல் அச்சிட்ட சி எண்ணை (கொள்ளளவைப்போல எத்தனை மடங்கு ஆம்பியர் கொடுக்கும் என்பது) அப்படியே நம்ப வேண்டாம். 5000 எம்ஏஎச், 50சி என்றால் 250 ஆம்பியர். ஒரு சின்ன எக்ஸ்டி60 பிளக் வழியாக அது போகுமா என்று யோசித்தாலே விடை கிடைக்கும்.

ஸ்டீயரிங்கும் சேர்ந்து செத்து, ஓரிரு நொடியில் தானே உயிர் வருகிறது: ரிசீவருக்கு (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பெட்டி) போகும் மின்சாரம் அறுகிறது. பெரிய சர்வோ (ஸ்டீயரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்) போட்டிருந்தால் அதன் மேல் சந்தேகப்படுங்கள். வண்டியை நிறுத்தி வைத்து, ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக வேகமாகத் திருப்புங்கள். ரிசீவர் விளக்கு அணைந்து எரிந்தால் உறுதி. தனி பிஇசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் கொடுக்கும் சாதனம்) போட்டால் தீரும். மோட்டாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் பழி மோட்டார்மேல்தான் விழும்.

மோட்டார் அலறுகிறது, வண்டி நகரவில்லை

பினியனைத் தண்டோடு பிடிக்கும் தலையில்லாத கிரப் ஸ்குரு தளர்ந்திருக்கும். தண்டில் தட்டையாகச் சீவிய பக்கத்தில் ஸ்குரு உட்கார வேண்டும், நீல நிற திரெட் லாக் (ஸ்குரு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு வேண்டும். பினியன் இறுக்கமாக இருந்தால் ஸ்பரின் பல்லைப் பாருங்கள், அதுவும் சரி என்றால் ஸ்லிப்பர் கிளட்ச் (சுமை மீறினால் வழுக்கி கியரைக் காப்பது).

ஸ்பர் பல் அடிக்கடி மழுங்கினால், பினியனின் பிட்ச் (பல்லின் அளவு) பொருந்துகிறதா என்று கேளுங்கள். பின்சக்கர ஸ்லாஷில் 48 பிட்ச். 32 பிட்ச்சும் 0.8 மாடியூலும் (மெட்ரிக் பல் அளவு) கிட்டத்தட்ட ஒன்றுதான், கலந்து போடலாம். 48 பிட்ச்சோடு 0.6 மாடியூலைக் கலக்கக் கூடாது. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக் தூளாகும். இடைவெளிக்கு, நோட்டுத்தாளைக் கிழித்து இரண்டு பல் சக்கரத்துக்கும் நடுவில் கொடுத்து, மோட்டாரை அழுத்தி ஸ்குருவை முடுக்குங்கள். தாள் மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வெளியே வர வேண்டும். ஸ்பரை முழுச் சுற்று சுற்றி, ஒவ்வோர் இடத்திலும் அசைத்துப் பாருங்கள். ஸ்பர் லேசாகக் கோணலாக இருப்பது சகஜம்.

பின்பக்கமாக ஓடுகிறது

சென்சார் இல்லாத மோட்டார் என்றால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போடுங்கள், தீர்ந்தது. சென்சார் உள்ளதென்றால் வயரைத் தொடாதீர்கள். ஏ, பி, சி வரிசை மாறினால் மோட்டாரோ இஎஸ்சியோ போகும். இஎஸ்சி செட்டிங்கில்தான் திசையை மாற்ற வேண்டும்.

வேகமே வரவில்லை

முதலில் இஎஸ்சிக்கு ஆக்ஸிலேட்டரின் முழு எல்லையை மறுபடி சொல்லிக்கொடுங்கள், அதாவது காலிபரேட் பண்ணுங்கள். ரிமோட்டில் எண்ட் பாயிண்ட்டை (ஆக்ஸிலேட்டரின் கடைசி எல்லை) குறைத்து வைத்திருந்தாலும் இஎஸ்சிக்கு முழு ஆக்ஸிலேட்டர் போய்ச் சேராது. டிராக்ஸஸ் இஎஸ்சிகளில் டிரெய்னிங் மோடு என்று ஒன்று உண்டு, அது ஆக்ஸிலேட்டரைப் பாதியாக வெட்டிவிடும். குழந்தைக்காக ஒரு நாள் போட்டுவிட்டு மறந்துபோன டிரெய்னிங் மோடால் மோட்டார் மாற்றப் புறப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அதே இஎஸ்சிகளில் விளக்கின் நிறத்தையும் கவனியுங்கள்: பச்சை என்றால் லைப்போ பாதுகாப்பு இயங்குகிறது, சிவப்பு என்றால் இல்லை. சிவப்பில் லைப்போ ஓட்டினால் வேகம் குறையாது, பேட்டரி சாகும்.

இதெல்லாம் சரி, மோட்டாரும் 45 டிகிரிக்கு மேல் போகவில்லை என்றால், உங்களுக்கு இடம் இருக்கிறது. பினியனில் ஒரு பல் ஏற்றி, ஓட்டி, அளந்து, அடுத்த பல்லுக்குப் போங்கள். ஒரே தாவலில் நான்கு பல் ஏற்றுவது வேண்டாம். பல் ஏற்றியும் ஆசை தீரவில்லையென்றால் 3எஸ் பேட்டரிக்குப் போங்கள், மோட்டாரும் இஎஸ்சியும் அனுமதித்தால். 3எஸ்ஸுக்குப் போகும் அன்றைக்கு பினியனை இரண்டு மூன்று பல் இறக்கிக்கொள்ளுங்கள்.

வேகம் அதிகம், வண்டி அடங்கவில்லை

ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் மூக்கைத் தூக்குகிறது, திருப்பத்தில் ஒரு பின்டயர் மட்டும் பலூனாக ஊதிச் சுற்றுகிறது. பஞ்ச் செட்டிங்கைக் குறையுங்கள், ஸ்லிப்பரைக் கையேட்டில் சொன்ன அளவுக்குத் தளர்த்துங்கள், டிஃபரன்ஷியலில் கெட்டியான கிரீஸ் போடுங்கள். உண்மையைச் சொன்னால், பின்சக்கர டிரக்குக்கு 3எஸ்ஸில் 4000 கேவிக்கு மேல் என்பது வீடியோ எடுக்கத்தான் உதவும். ஓட்டுவதற்கு 2எஸ் போதும்.

கீச்சென்ற சத்தம்

பினியனை விலக்கி, ஆக்ஸிலேட்டரைத் துளி மட்டும் கொடுத்து, மோட்டாரைத் தனியாகச் சுற்றவிடுங்கள். சத்தம் இருந்தால் மோட்டார் பேரிங், சில நூறில் மாறும். சத்தம் போய்விட்டால் பல் இடைவெளி. சுமையில்லாமல் முழு ஆக்ஸிலேட்டர் மட்டும் கொடுக்காதீர்கள்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும்

இப்போது தாளில் எழுதிய எண்களுக்கு வாருங்கள். ஸ்லாஷ் போன்ற பின்சக்கர ஷார்ட் கோர்ஸ் டிரக்குக்கு 36 மிமீ விட்டமுள்ள நான்கு துருவ மோட்டார், 3300-லிருந்து 3800 கேவி, 2எஸ் பிரதானம், 3எஸ் எப்போதாவது. 550 டைட்டன் இருந்த இடத்தில் 3660 உட்காரும் வாய்ப்பு அதிகம். இருந்தாலும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் ஷார்ட் கோர்ஸ் அல்லது 1/10 மான்ஸ்டர் டிரக்குக்கு 3660 அல்லது 3665, 3200 கேவி அக்கம்பக்கம். அர்மா கம்பெனியின் 3எஸ் வரிசையிலும் 3200 கேவிதான் வருகிறது. 1/8 டிரக்குக்கு 4068, 4074 உடல், 2000 கேவி சுற்றுவட்டாரம், 4எஸ்ஸிலிருந்து 6எஸ். மெதுவாக ஏறும் டிரெயில் டிரக்குக்கு சென்சார் உள்ள, 2000 கேவிக்கு உட்பட்ட மோட்டார். ஹாபிவிங்கின் ஃப்யூஷன் போல மோட்டாரும் இஎஸ்சியும் ஒரே உடலில் வருவதும் உண்டு, அதில் வயர் பற்றவைக்கும் தொல்லையும் குறைவு.

சென்சார் மோட்டார்களில் சில கேவிக்குப் பதில் 13.5 சுற்று, 17.5 சுற்று என்று விற்பார்கள். சுற்று குறைந்தால் கேவி கூடும்; 13.5 என்பது சுமார் 3000 கேவி.

இஎஸ்சியைத் தனியாக வாங்கினால் அது எத்தனை எஸ் வரை, எந்த அளவு மோட்டார் வரை என்று இரண்டையும் பாருங்கள். ஆம்பியர் எண் மட்டும் போதாது. ஒரே கம்பெனியின் காம்போ வாங்கினால் பொருத்தம் பார்க்கும் வேலை மிச்சம்.

ஆர்டர் போடும் முன் தண்டின் விட்டத்தைப் பாருங்கள். 3650 அளவில் பெரும்பாலும் 3.175 மிமீ, 3674-ல் பெரும்பாலும் 5 மிமீ. உங்களிடம் இருக்கும் பினியன்கள் 3.175 துளை உள்ளவை என்றால், 5 மிமீ தண்டுக்கு அத்தனையும் புதிதாக வாங்க வேண்டும், 48 பிட்ச்சில் 5 மிமீ துளையும் எளிதில் கிடைக்காது. 36 மிமீ மோட்டார்களில் மாட்டும் துளைகள் 25 மிமீ இடைவெளியில், எம்3 ஸ்குருவுக்கு இருக்கும். ஸ்குருவின் நீளத்தையும் கவனியுங்கள். நீளமான ஸ்குரு உள்ளே போய் காயிலைத் தொட்டுவிட்டால், புது மோட்டார் முதல் நாளே புகைந்துவிடும்.